விண்ணைப் படம் பிடித்த வைணு பாப்பு

– பத்தாம் வகுப்பு மாணவி

இரவு வானைக் கண்டு வியக்காதவர் உண்டோ? ஆனால், தொழிற்சாலை விளக்குகள் விடிய விடிய எரியும் நம் ஓசூரில் எண்ணி எடுக்கும் அளவே விண்மீன்கள் தெரிகின்றன. அண்டை மாவட்டமான திருப்பத்தூரின் ஜவ்வாது மலையிலோ வானம் கருமையாய் இருக்கிறது. அங்கே காவலூரில் வானாய்வகம் கண்டவர் வைணு பாப்பு.

அவர் 1927 ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தவர். ஆகவே பிள்ளைப் பருவத்திலேயே தொலைநோக்கி அவருக்குத் தோழனாயிற்று. உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார்.

தொலைநோக்கிக்கு எந்தக் கேமரா சிறந்தது? இக்கேள்விக்கு அவர் வாழ்வே விடை. நம் கண் ஒளியைச் சேர்த்து வைக்காது. புகைப்படத் தகடோ நெடுநேரம் துளித்துளியாய்ச் சேர்க்கும். அத்தகைய தகடு ஒன்றில்தான் 1949-இல் அவர் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். போக், நியூகர்க் ஆகிய இருவர் பெயரோடு அவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 21!

பின்னர் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பதியும் நிறமாலைமானியைக் கையாண்டார். ஒருவகை விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் கோட்டின் அகலத்தை அளந்தால், அவற்றின் உண்மையான ஒளிர்வை அறியலாம் என்று வில்சன் என்பாருடன் சேர்ந்து 1957-இல் காட்டினார். ஒளிர்வு தெரிந்தால் தொலைவும் தெரியும் அன்றோ?

1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். இருண்ட வானைத் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். 1972-இல் அங்கு 102 செ.மீ. தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அன்று அங்கிருந்தோருக்கு வேண்டியது அழகிய படமன்று. நொடிக்கு நொடி ஒளியை அளக்கும் ஒளிமானி. யுரேனசுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்த அந்நிகழ்வைக் காவலூரும் பதிவு செய்தது.

வால்மீனைத் தேட அகன்ற வானைப் பதியும் தகடு. விண்மீனின் இயல்பறிய நிறமாலைமானி. ஒளி மங்குவதை அறிய ஒளிமானி. எதை அறிய வேண்டும் என்பதை முதலில் தெளிந்து, பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது அவர் கண்ட பெருங்கனவு. பணி தொடங்கியது. ஆனால் அந்தோ! அது நிறைவேறுமுன், உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராய் விளங்கிய காலத்திலேயே, 1982 ஆகஸ்டு 19 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் மறைந்தார். 1986 ஜனவரி 6-ஆம் நாள் அத்தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, அவர் பெயரையே தாங்கியது. தகடு பிடிக்கும் ஒளி நூற்றில் ஓரிரு பங்கே. பாதிக்கு மேல் பிடிக்கும் மின்னணுக் கேமராக்கள் பின்னாளில் அங்கு வந்தன. அவற்றைப் பார்க்க அவர் இல்லை.

தோழியரே, சென்ற கோடையில் எங்கள் வீட்டு மாடியில் சிறு தொலைநோக்கியோடு கைப்பேசியைச் சேர்த்து நிலவைப் படமெடுத்தேன். படம் மங்கலாயிற்று, கைப்பேசியைக் குறை கூறினேன். இப்போது உணர்கிறேன்: குறை கருவியில் இல்லை, எதைக் காண விரும்பினேன் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. தம் கண் காணாத தொலைநோக்கிக்காக உழைத்த அப்பெரியாரைப் போல, நாமும் நோக்கம் தெளிந்து உழைப்போமாக!