ஒசிப் மண்டெல்ஷ்டாம்: தாளில் எழுதாத கவிதைக்காகச் சிறை சென்றவர்

1933ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மொஸ்கோவில் ஒசிப் மண்டெல்ஷ்டாம் 16 வரிகளில் ஒரு கவிதையை உருவாக்கினார். அதை அவர் தாளில் எழுதவில்லை. நம்பிக்கையான சிலருக்கு வாயால் சொல்லிக் காட்டினார், அவ்வளவுதான். அது அச்சுக்குப் போகவில்லை, மேடையும் ஏறவில்லை. ஆனாலும் ஆறு மாதம் கழித்து இரகசியப் பொலிஸார் அவரது வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

மண்டெல்ஷ்டாம் 1891இல் வார்சாவில், தோல் வியாபாரியான ஒரு யூதரின் மகனாகப் பிறந்தவர். வளர்ந்தது சென் பீற்றர்ஸ்பேர்க்கில். அவரது முதல் தொகுப்பு 1913இல் 'கல்' என்ற பெயரில் வந்தது. அன்னா அக்மதோவா, நிக்கொலாய் குமிலியோவ் ஆகியோருடன் இணைந்து, மங்கலான குறியீடுகளை விலக்கித் தெளிவான சொல்லை நாடிய ஒரு கவிதை இயக்கத்தில் அவர் இயங்கினார். 1921இல் புதிய ஆட்சி குமிலியோவைச் சுட்டுக்கொன்றது. 1928க்குப் பிறகு மண்டெல்ஷ்டாமின் புதிய கவிதைத் தொகுப்பு எதுவும் அவர் உயிரோடிருக்கும் வரை வெளிவரவில்லை.

1933 வசந்த காலத்தில் அவரும் மனைவி நதேஷ்தாவும் கிரிமியாவுக்குப் போனார்கள். உக்ரேனில் பெரும் பஞ்சம் நிலவிய காலம் அது. கட்டாயக் கூட்டுப்பண்ணைத் திட்டத்தால் நிலத்தையும் தானியத்தையும் இழந்த விவசாயிகள் வீதிகளில் பசியோடு அலைவதை இருவரும் நேரில் கண்டார்கள். பத்திரிகைகளில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. மொஸ்கோ திரும்பியபோது, பல வருட அலைச்சலுக்குப் பிறகு, எழுத்தாளர்களுக்கான தொடர்மாடியில் அவர்களுக்கென்று ஒரு வீடு கிடைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் இருந்திருக்கலாம். அந்த வேளையில்தான் ஸ்டாலினைப் பற்றிய கவிதை பிறந்தது. மக்கள் பத்தடிக்கு அப்பால் கேட்காதபடி பேசப் பழகிவிட்டதையும், தலைவரைச் சுற்றி நிற்கும் தலையாட்டிகளையும், கொலையில் அவர் காணும் ருசியையும் அது கேலியோடு சொன்னது.

கேட்டவர்களில் ஒருவர் கவிஞர் போரிஸ் பாஸ்டர்நாக். இது கவிதையல்ல, தற்கொலை என்று கருதிய அவர், தான் எதையும் கேட்கவில்லை என்றும் இனி யாருக்கும் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மண்டெல்ஷ்டாம் தொடர்ந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தார். காட்டிக்கொடுத்தவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை.

1934 மே மாத நடுப்பகுதியில் ஓரிரவு அவரைக் கைது செய்ய வந்தார்கள். அன்றுதான் லெனின்கிராட்டிலிருந்து அக்மதோவா விருந்தாளியாக வந்திருந்தார். வீட்டில் உணவில்லாததால், அவருக்காக அயலவரிடமிருந்து ஒரு முட்டை வாங்கி வைத்திருந்தார்கள். விடியும்வரை பெட்டிகளைக் கிளறித் தாள்களை நிலத்தில் கொட்டித் தேடினார்கள். புறப்படும் நேரத்தில் அக்மதோவா அந்த முட்டையை மண்டெல்ஷ்டாமிடம் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார். அவர் உப்புத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

லுபியங்கா சிறையில் விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்து அந்தக் கவிதையைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். கேட்டவர்களின் பெயர்களையும் சொன்னார். மனைவி, தம்பி, அக்மதோவா, அக்மதோவாவின் மகன் ஆகியோர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். விசாரணை அறைக்கு வெளியே இருந்துகொண்டு இதற்குத் தீர்ப்புச் சொல்வது எளிது. உள்ளே அவர் உறக்கமின்றி வைக்கப்பட்டார், சப்பாத்துக்குள் மறைத்துக் கொண்டுபோன சவர அலகால் தன் மணிக்கட்டை வெட்டிக்கொண்டார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மரண தண்டனையை எதிர்பார்த்தவருக்கு மூன்று வருட நாடுகடத்தலே கிடைத்தது. அவரைக் கொல்லாமல் ஒதுக்கி வைக்கும்படி மேலிடம் பணித்திருந்தது. யூரல் பகுதியிலுள்ள செர்டினுக்கு நதேஷ்தாவும் கூடவே போனார். மனம் குழம்பியிருந்த மண்டெல்ஷ்டாம் அங்கே வைத்தியசாலை ஜன்னலிலிருந்து குதித்தார். உயிர் தப்பினார். கட்சித் தலைவர்களில் ஒருவரான புகாரின் அவருக்காக ஸ்டாலினுக்கு எழுதினார். பிறகு ஸ்டாலின் நேரடியாகவே பாஸ்டர்நாக்குக்குத் தொலைபேசி எடுத்து, மண்டெல்ஷ்டாம் உண்மையிலேயே தன் கலையில் தேர்ந்தவரா என்று விசாரித்தார். பாஸ்டர்நாக் தடுமாறினார். ஒரு நாட்டின் முழு அதிகாரத்தையும் கையில் வைத்திருந்தவருக்கு, தன்னைப் பற்றிக் கவிதை சொன்னவரின் தரத்தை அறிய வேண்டியிருந்தது.

தண்டனை தளர்த்தப்பட்டு, பெருநகரங்கள் தவிர்ந்த இடமொன்றைத் தெரிவுசெய்ய அனுமதி கிடைத்தது. அவர் வொரோனேஷ் நகரைத் தெரிவுசெய்தார். அங்கே வானொலியிலும் நாடக அரங்கிலும் சிறு வேலைகள் கிடைத்தன, பிறகு அவையும் நின்றன. இதய நோயும் வறுமையும் சேர்ந்திருந்த அந்த மூன்று வருடங்களில்தான் அவரது மிகச் சிறந்த கவிதைகள் மூன்று குறிப்புப் புத்தகங்களில் நிறைந்தன.

1937 தொடக்கத்தில், உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் கடைசி முயற்சியாக, ஸ்டாலினைப் புகழ்ந்தும் ஒரு நீண்ட கவிதை எழுதினார். அதை மறைத்துவிடும்படி பிற்காலத்தில் பலர் நதேஷ்தாவுக்கு ஆலோசனை சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். அதை நீக்கினால் தன் கணவருக்கு நடந்ததன் ஒரு பகுதி இல்லாமற் போய்விடும் என்பது அவரது நிலைப்பாடு. அந்தப் புகழ்ச்சி பயனளிக்கவும் இல்லை.

1937 மே மாதம் தண்டனைக்காலம் முடிந்தது. மொஸ்கோவில் வாழ அனுமதி இல்லை. நண்பர்களிடம் கடன் வாங்கிச் சிறு நகரங்களில் காலத்தைக் கடத்தினார்கள். 1938 மார்ச் மாதம் எழுத்தாளர் சங்கத்தின் செயலாளர் ஸ்டாவ்ஸ்கி, இரகசியப் பொலிஸ் தலைவர் யெஷோவுக்குக் கடிதம் எழுதி, மண்டெல்ஷ்டாம் என்ற பிரச்சினையைத் தீர்த்துத் தருமாறு கேட்டுக்கொண்டார். சமாத்திகா என்ற இடத்திலுள்ள ஓய்வு விடுதியில் தங்க அந்தச் சங்கமே கவிஞருக்கு அனுமதிச்சீட்டும் கொடுத்திருந்தது. கடைசியில் நல்ல காலம் வருகிறது என்று இருவரும் நம்பினார்கள். மே மாதத் தொடக்கத்தில் அந்த விடுதியில் வைத்தே அவரைக் கைது செய்தார்கள்.

ஓகஸ்ட் 2ஆம் திகதி, நீதிமன்ற விசாரணை இல்லாமலே, விசேட குழுவொன்று எதிர்ப்புரட்சி நடவடிக்கை என்று சொல்லி ஐந்து வருடத் தண்டனை விதித்தது. செப்டெம்பரில் புறப்பட்ட கைதிகளின் ரயில் ஒக்டோபர் 12ஆம் திகதி விளாடிவொஸ்டொக் அருகிலுள்ள இடைத்தங்கல் முகாமை அடைந்தது. அங்கிருந்து ஒரேயொரு கடிதம் வந்தது. உடல் முற்றாக ஒடுங்கிப் போயிருப்பதாகவும், உணவும் உடுப்பும் அனுப்பும்படியும், அனுப்புவதில் பயன் உண்டோ தெரியவில்லை என்றும் தம்பிக்கு எழுதியிருந்தார். 1938 டிசம்பர் 27ஆம் திகதி அவர் இறந்தார். வயது 47. சான்றிதழ் மரணத்துக்கான காரணமாக இதயத்தைக் குறிப்பிட்டது. முகாமில் அப்போது பசியும் டைபஸ் காய்ச்சலும் பரவியிருந்தன.

மனைவிக்கு யாரும் அறிவிக்கவில்லை. 1939 ஜனவரியில் அவர், புதிதாகப் பதவியேற்ற பொலிஸ் தலைவர் பெரியாவுக்குக் கணவரைப் பற்றி விசாரித்து மனு எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கணவர் இறந்து மூன்று வாரங்களாகிவிட்டன. அனுப்பிய பொதி திரும்பி வந்திருப்பதாகத் தபாலகத்திலிருந்து அழைத்தார்கள். பெற வேண்டியவர் இறந்துவிட்டார் என்று அங்கிருந்த ஊழியர்தான் சொன்னார். மரணச் சான்றிதழ் தம்பியின் கைக்கு வந்தபோது 1940 ஜூன் மாதமாகிவிட்டது. உடல் வரவேயில்லை.

நதேஷ்தா என்ற ரஷ்யச் சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். கணவர் கைதான பின் ஸ்ட்ருனினோ என்ற சிற்றூரின் நெசவாலையில் இரவு வேலை செய்தார். இயந்திரங்களுக்கிடையே நடந்தபடி, மறந்துவிடாமலிருக்கக் கவிதைகளை வாய்க்குள் முணுமுணுத்தார். தாள்கள் பறிபோகலாம் என்பதால் நூற்றுக்கணக்கான வரிகளை மனனம் செய்திருந்தார். இருந்த பிரதிகளைத் தலையணைகளுக்குள்ளும் சமையல் பாத்திரங்களுக்குள்ளும், துணிந்த சில நண்பர்களின் வீடுகளிலும் ஒளித்து வைத்தார். அவரையும் தேடிப் பொலிஸார் வந்தபோது, சக தொழிலாளர்கள் தங்களிடமிருந்த சிறு பணத்தைச் சேர்த்துக் கொடுத்து ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்த மக்களில் பெரும்பாலோர் மண்டெல்ஷ்டாமின் ஒரு கவிதையையும் வாசித்திருக்க வாய்ப்பில்லை. வொரோனேஷ் காலத்துக் கவிதைகள் சிலவற்றை நத்தாஷா ஷ்டெம்பெல் என்ற ஆசிரியை உலகப் போரின் நடுவிலும் காத்துக் கொடுத்தார்.

அடுத்த இருபது வருடங்களுக்கு மேலாக நதேஷ்தா தாஷ்கெண்ட், உல்யானோவ்ஸ்க், சித்தா, ப்ஸ்கோவ் என்று ஊர் ஊராகச் சென்று ஆங்கிலம் கற்பித்து வாழ்ந்தார். 1956இல் அரசு, 1938ஆம் ஆண்டுக் குற்றச்சாட்டிலிருந்து மண்டெல்ஷ்டாமை விடுவித்தது. 1934ஆம் ஆண்டுக் குற்றச்சாட்டை, அதாவது அந்தக் கவிதையைச் சொன்ன குற்றத்தை, நீக்க மறுத்தது. நதேஷ்தாவின் நினைவுக் குறிப்புகள் 1970இல் வெளிநாட்டில் அச்சாகின. கணவரின் கவிதைகள் 1973இல் ஒரு தேர்வாகச் சோவியத் ஒன்றியத்தில் வெளிவந்தன. அதில் ஸ்டாலின் பற்றிய கவிதை இல்லை. 1980 டிசம்பரில் நதேஷ்தா இறந்தார். 1934ஆம் ஆண்டுக் குற்றச்சாட்டு நீக்கப்பட்டது 1987இல்தான். அதை அவர் காணவில்லை.

பின்னர் ஆவணக் காப்பகங்கள் திறந்தபோது, விசாரணை மேசையில் மண்டெல்ஷ்டாம் எழுதிக் கொடுத்த தாள் வெளியே வந்தது. அந்தக் கவிதை அவரது கையெழுத்தில் இன்று இருக்கிறதென்றால், அவரைச் சிறையிட்டவர்கள் குற்றச் சான்றாக அதைக் கவனமாகக் கோப்பில் வைத்திருந்ததே காரணம். மற்றக் கவிதைகள் இருக்கின்றனவென்றால், அவற்றை மறக்க மறுத்த ஒரு பெண்ணும், அவரைக் காட்டிக்கொடுக்காத மனிதர்களுமே காரணம். விளாடிவொஸ்டொக்கிலும் வொரோனேஷிலும் இப்போது மண்டெல்ஷ்டாமுக்குச் சிலைகள் உண்டு. தனிக் கல்லறை இல்லை. முகாமில் இறந்த மற்றவர்களோடு அவரும் ஒரு பொதுக்குழியில் கிடக்கிறார்.