தந்தையின் மூச்சையும் பாடிய திருமூலர்

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது. வீட்டில் இன்னும் தொட்டில் ஆடவில்லை. உடனே விரதம் யாருக்கு? அரச மரத்தைச் சுற்றுவது யார்? மண்சோறு சாப்பிடுவது யார்? எல்லாம் அந்த வீட்டு மருமகள்தான்! கணவரைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆனால், கரு உருவாவதில் ஆணின் மூச்சுக்கும் உடலுக்கும் மனதுக்கும் உள்ள பங்கை, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு மகான் பாடி வைத்திருக்கிறார். அவர் இல்லறமே வேண்டாம் என்று விலகி நின்ற யோகி என்பதுதான் வியப்பு! அறுபத்து மூவரில் ஒருவரான திருமூல நாயனார்தான் அவர்.

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளிய அவரது திருக்கதையைப் பார்ப்போமா?

திருக்கயிலாயத்தில் நந்தியெம்பெருமானிடம் உபதேசம் பெற்ற சிவயோகியருள் ஒருவர், பொதிகை மலையில் வாழ்ந்த அகத்திய முனிவரைக் காண ஆவல் கொண்டார். கேதாரம், நேபாளத்துப் பசுபதிநாதர், காசி, ஸ்ரீசைலம், திருக்காளத்தி, திருவாலங்காடு, காஞ்சி என ஒவ்வொரு தலமாகத் தரிசித்தபடி தென்திசை நோக்கி நடந்தார். அப்படியே திருவதிகைக்கும் வந்தார்.

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் பண்ருட்டிக்குப் போகிறோமே... அந்தப் பண்ருட்டியை ஒட்டி, கெடில நதிக்கரையில் உள்ள திருவதிகைதான் அது. ஈசன் முப்புரம் எரித்த வீரட்டானம். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண்களுக்குப் பக்கத்து ஊர்க் கோயில்!

அங்கிருந்து தில்லை. பொன்னம்பலத்தில் ஆடும் பெருமானைக் கண்டு உருகி நின்றார் யோகியார். ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சு 21,600. அதைக் குறிப்பதே பொற்கூரையில் வேய்ந்த 21,600 பொன்னோடுகள். 72,000 நாடிகளைக் குறிப்பவை அதில் அறைந்த 72,000 ஆணிகள் என்று தில்லையில் சொல்வார்கள். உடம்பே கோயில், மூச்சே வழிபாடு என்ற தத்துவம் குடிகொண்ட தலமல்லவா அது!

தில்லையைத் தொழுத யோகியார், காவிரியைக் கடந்து திருவாவடுதுறையை அடைந்தார். அங்கும் வணங்கிப் புறப்பட்டபோது, ஆற்றங்கரையில் பசுக்கூட்டம் கதறுவதைக் கண்டார். சாத்தனூரில் மாடு மேய்க்கும் மூலன் என்பவன் இறந்து கிடந்தான். அவன் உடலை முகர்ந்தும் சுற்றியும் பசுக்கள் கண்ணீர் விட்டன. யோகியாரின் மனம் பொறுக்கவில்லை. தன் உடலை ஓரிடத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டு, மூலனின் உடலுக்குள் புகுந்தார். மூலன் எழுந்தான்! பசுக்கள் துள்ளின. பொழுது சாயும் நேரத்தில் அவை ஊர் திரும்ப, பின்னாலேயே சென்றார் யோகியார்.

அங்கே காத்திருந்தாள் மூலனின் மனைவி. கணவன் வீட்டுக்குள் வராமல் விலகி நிற்பதைக் கண்டு பயந்து, அருகே வந்து தொடப் போனாள். யோகியார் தடுத்தார். உனக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று உணர்த்திவிட்டு, ஊர்ப் பொதுமடத்தில் போய் யோகத்தில் அமர்ந்துவிட்டார்.

அந்தப் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள்! கணவன் கண்முன்னே உயிரோடு இருக்கிறான். ஆனால் அவன் தன் கணவன் இல்லை. இரவெல்லாம் உறங்காமல் தவித்தவள், மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து பார்த்தார்கள். சிவயோகத்தில் ஆழ்ந்திருப்பவரை இனி குடும்பத்துக்குத் திருப்ப முடியாது என்று புரிந்துகொண்டார்கள். துயரத்தில் மயங்கியவளைத் தேற்றி அழைத்துச் சென்றார்கள்.

யோகியார் தன் பழைய உடலைத் தேடிப் போனார். அதைக் காணவில்லை! ஆகமப் பொருளைத் தமிழில் சொல்ல வைப்பதற்காக, ஈசனே அந்த உடலை மறைத்துவிட்டார் என்பதை ஞானத்தால் உணர்ந்தார். திருவாவடுதுறை கோயிலில் அரச மரத்தடியில் யோகத்தில் அமர்ந்து, ஆண்டுக்கு ஒரு பாடலாக 3,000 ஆண்டுகளில் 3,000 பாடல்கள் அருளினார். பத்தாம் திருமுறையாக நாம் போற்றும் திருமந்திரம் இதுதான். மூலன் உடலில் வந்ததால் அவர் திருமூலர் ஆனார்.

இரவல் உடம்பில் வாழ்ந்தவர் என்பதாலோ என்னவோ, உடம்பின் அருமை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒன்பது தந்திரங்கள் கொண்ட அந்த நூலின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்றொரு பகுதி உண்டு. கூடும் நேரத்தில் ஆணின் மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்பதை வைத்தே பிள்ளை ஆணா, பெண்ணா என்று அதில் சொல்கிறார். தாயின் வயிறு எப்படி இருக்க வேண்டும் என்றும் பாடுகிறார். மூன்றாம் தந்திரத்தில் வருவது பரியங்க யோகம். கூடலின்போதும் மூச்சையும் மனதையும் வசப்படுத்தி விந்துவைக் காக்கும் முறை இது. பெண்ணுக்கு இருபது, ஆணுக்கு முப்பது என்று ஏற்ற வயதைக் குறிப்பிட்டு, இருவரின் ஆனந்தத்தையும் சேர்த்தே சொல்கிறார்.

இன்றைய மருத்துவம் என்ன சொல்கிறது? பிள்ளை ஆணா, பெண்ணா என்பதை மூச்சு தீர்மானிப்பதில்லை. தந்தையின் விந்தணுவில் உள்ள குரோமோசோம்தான் தீர்மானிக்கிறது. காரணம் மாறினாலும், திருமூலரும் சரி, மருத்துவமும் சரி, பெண் குழந்தை பெற்றவளைக் குற்றம் சொல்லவில்லை! குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் உடல்நிலையும் ஒரு காரணமாக இருக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். புகை, மது, உடல் பருமன், அதிக வெப்பம், விதைப்பையில் நரம்பு புடைப்பு என்று அதற்குப் பல காரணங்கள்.

யோகம் இதில் உதவுமா? மனைவிக்குத் தொடர்ந்து கருச்சிதைவு ஏற்பட்ட ஆண்களுக்கு தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் யோகமும் தியானமும் பயிற்றுவித்தார்கள். விந்தணுவின் மரபணுவில் இருந்த சேதம் குறைந்ததாக 2018-ல் பதிவு செய்தார்கள். சிறிய ஆய்வுதான், என்றாலும் நம்பிக்கை தருகிறது. மன அழுத்தம் குறைந்தால் தாம்பத்திய உறவும் சீராகும். இடுப்புத் தள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை, ஆண்களின் சில தாம்பத்தியக் குறைகளுக்கு இன்றைய டாக்டர்களே சொல்லித் தருகிறார்கள். நம் யோகியர் மூலபந்தம் என்றதும் ஏறக்குறைய இதைத்தான்!

விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். எனவே, பயிற்சியின் பலனைப் பார்க்க மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். பூரகம் 16, கும்பகம் 64, ரேசகம் 32 என்று திருமூலர் வகுத்த மூச்சுக் கணக்கை, குரு இல்லாமல் செய்யக் கூடாது. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்பது அவசியம். முதலில் விந்துப் பரிசோதனை. யோகம் அதற்குத் துணை, மாற்று அல்ல.

இன்னொன்று. விந்து காத்தல் என்பது யோகியர் பாதை. அதை வைத்து, விந்து போனால் ஆயுளே போகும் என்று வாலிபப் பிள்ளைகளை மிரட்டிப் பணம் பறிக்கும் போலி வைத்தியர்களை நம்பாதீர்கள். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயே அல்ல. குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் வாரக்கணக்கில் விலகியிருப்பதாலும் பலன் கூடாது. நாள்பட்ட விந்தணுக்களின் வேகம் குறையவே செய்யும்.

மயிலாடுதுறை - கும்பகோணம் மார்க்கத்தில் உள்ள திருவாவடுதுறை கோமுக்தீஸ்வரர் கோயிலில் திருமூலருக்குத் தனிச் சந்நிதி உண்டு. ஐப்பசி அசுவினி அவரது குருபூஜைத் திருநாள். குழந்தை வரம் வேண்டிச் செல்லும் சகோதரிகளே, தனியாகப் போகாதீர்கள். கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். பிரார்த்தனையிலும் பரிசோதனையிலும் பாதிப் பங்கு அவருடையது!