மிர்சா காலிப்

மிர்சா அசதுல்லா கான் காலிப் (டிசம்பர் 27, 1797 - பெப்ரவரி 15, 1869) உருது, பாரசீக மொழிகளில் எழுதிய புகழ்பெற்ற கவிஞர் ஆவார். ஆக்ராவில் பிறந்த இவர் இளமையிலேயே தில்லியில் குடியேறினார்.

முசாயிரா

அக்காலத் தில்லியில் கவிஞரின் மதிப்பைப் பெரிதும் முடிவு செய்தது முசாயிரா எனப்படும் கவியரங்கமே. பல அரங்குகளில் ஓர் அடி முன்கூட்டியே தரப்படும்; அதே சந்தத்திலும் இயைபிலும் அனைவரும் கசல் இயற்றி வரவேண்டும். விளக்கு எவர் முன் வைக்கப்படுகிறதோ அவர் தம் பாடலைச் சொல்வார். காலிப்பின் தொடக்ககாலப் பாக்கள் விளங்கவில்லை என்று குறைகூறப்பட்டன.

கல்கத்தா சர்ச்சை

குடும்ப ஓய்வூதியத்தில் தமக்குரிய பங்கைக் கோரி, காலிப் 1828 இல் கல்கத்தா சென்றடைந்தார். அந்நகர மதரசாவில் நடந்த முசாயிராவில், இவரது பாரசீகச் செய்யுளில் பிழை உள்ளதென்று சிலர் கத்தீல் என்ற புலவரை ஆதாரம் காட்டினர். இந்தியாவில் பிறந்த கத்தீல் பாரசீக மொழிக்கு ஆதாரமாக மாட்டார் என்று காலிப் மறுத்தார் (காலிப்பும் இந்தியாவில் பிறந்தவரே). எதிர்ப்பு வலுத்தது. மனு நிலுவையில் இருந்த ஊரில் பகை தேடுவது நல்லதன்று. ஆகவே 'பாத்-இ-முகாலிப்' என்னும் நெடும்பாடலில் பணிவுடன் சமாதானம் கூறினார். ஆயினும் கத்தீலை ஏற்கவில்லை. மனு 1831 இல் தள்ளுபடியானது.

பிற்காலம்

சௌக் 1854 இல் இறந்தபின், பேரரசர் பகதூர் சா சஃபரின் கவிதை ஆசானானார். 1857 கிளர்ச்சி அடக்கப்பட்டதோடு செங்கோட்டை முசாயிராக்களும் முடிவுற்றன. காலிப் தம் பாக்களுக்குப் படி வைத்துக்கொள்வதில்லை. அவற்றைத் திரட்டி வைத்திருந்த நண்பர்களின் நூலகங்களும் அப்போது சூறையாடப்பட்டன.