பெரிய வெள்ளியன்று உடைந்த படை



ஆண்டுதோறும் ஏப்ரல் 9ஆம் நாளைப் பிலிப்பைன்ஸ் மக்கள் வீரத்தின் நாளாக நினைவுகூர்கிறார்கள். நாட்டுக்கு அது பொது விடுமுறை. ஆனால் 1942இல் அந்நாளில் அவர்கள் வெற்றி பெறவில்லை, சரணடைந்தார்கள். தோல்வியின் நாளை ஒரு நாடு ஏன் வீரத்தின் நாள் என்கிறது? தளபதி விசென்டே லிம்மின் வாழ்வில் இதற்கு விடை தேடுவோம்.

லகுனா மாநிலத்தின் கலம்பா ஊரில் 1888இல் லிம் பிறந்தார். தந்தை சீன வம்சாவளியினர். பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசால் பிறந்ததும் இதே ஊரில்தான். ஆசிரியர் பயிற்சி பெற்ற லிம், பின்னர் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1914இல் அங்கு பட்டம் பெற்ற முதல் பிலிப்பினோ ஆனார்.

நாடு அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. அவர் பணியாற்றிய பிலிப்பைன் ஸ்கவுட்ஸ், 1901இல் அமெரிக்க இராணுவம் உருவாக்கிய படை. அதன் வீரர்கள் பிலிப்பினோக்கள், அதிகாரிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர். ஒரே கொடியின் கீழ் பணியாற்றியும், அமெரிக்க வீரரின் ஊதியத்தில் பாதிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1924இல் வீரர்கள் பலர் இதை எதிர்த்துப் பணிக்குச் செல்ல மறுத்துத் தண்டனை பெற்றார்கள். இத்தகைய சூழலில்தான் லிம் இருபது ஆண்டுகளுக்கும் மேல் சேவை செய்தார். 1936இல் ஓய்வு பெற்று, புதிதாக உருவான பிலிப்பைன்ஸ் இராணுவத்தில் தளபதியானார்.

1941இல் போர் நெருங்கியபோது 41ஆம் டிவிஷன் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் தென் லூசோன் பகுதியின் சாதாரண இளைஞர்கள். அவர்களுக்குக் கிடைத்தவை தேங்காய் நாரால் செய்த தலைக்கவசமும், கேன்வாஸ் காலணியும், முதல் உலகப் போர்க்காலத் துப்பாக்கியும்தான். போருக்கு முன் ஒருமுறைகூடச் சுட்டுப் பழகாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இந்தப் படைதான் 1942 ஜனவரியில் பத்தான் தீபகற்பத்தின் அபுகாய் பகுதியில் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஜப்பானியத் தாக்குதலை எதிர்த்து நின்றது. அந்த ஜனவரியிலேயே உணவு பாதியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அதுவும் குறைந்தது. குதிரைகளையும் எருமைகளையும் அறுத்து உண்டார்கள். மலேரியா படைமுகாம்களை நிரப்பியது. எதிர்பார்த்த உதவிக் கப்பல்கள் வரவே இல்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி. ஜப்பானியப் பீரங்கிகளும் விமானங்களும் காலை முதல் மணிக்கணக்காக லிம்மின் படை நின்ற இடத்தைத் தாக்கின. மூங்கில் காடு தீப்பற்றியது. பசியாலும் காய்ச்சலாலும் மெலிந்திருந்த வீரர்கள் சிதறி ஓடினார்கள். உயிர்ப்பு ஞாயிறன்று சமத் மலையும் வீழ்ந்தது. நான்கு நாள்களில் பத்தானே சரணடைந்தது. சரணடைந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பான்மையினர் பிலிப்பினோக்களே. ஆயிரக்கணக்கானோர் வெயிலில் நடத்திச் செல்லப்பட்ட வழியிலும், காபாஸ் சிறைமுகாமிலும் இறந்தார்கள்.

லிம்மும் கைதியாகி அந்த முகாமில் அடைக்கப்பட்டார். பின்னர் நோயுற்றவராக விடுதலை பெற்றார். வயது ஐம்பதைக் கடந்திருந்தது. மனைவி பிலாரும் பிள்ளைகளும் இருந்தார்கள். தன் கடமை முடிந்தது என்று அவர் ஒதுங்கியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்? ஆனால் அவர் மறைந்து போராடியவர்களுக்குத் துணை நின்றார். 1944 ஜூனில், நீர்மூழ்கிக் கப்பல் மூலம் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று தளபதி மக்கார்த்தருடன் சேரப் புறப்பட்டபோது, பத்தாங்காஸ் பகுதியில் பிடிபட்டார். தம் ஊரவரான ரிசால் அடைபட்டிருந்த மணிலா சான்டியாகோ கோட்டையிலேயே அவரும் அடைக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் கொல்லப்பட்டதாக நம்பப்படுகிறது. அவரது உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாத அவரது முகத்தை 1991 முதல் 1000 பேசோ நோட்டில் அச்சிட்டு நாடு போற்றியது.

அவருடைய வீரர்களுக்கோ நீதி தாமதமாகவே வந்தது. 1946இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், பிலிப்பினோ வீரர்களுக்குரிய சலுகைகளில் பெரும்பாலானவற்றைப் பறித்தது. 2009இல்தான் ஒரு முறை இழப்பீடு வழங்க முடிவானது. அதற்குள் எத்தனையோ பேர் இறந்துவிட்டார்கள்.

இன்று சமத் மலை உச்சியில், 90 மீட்டருக்கும் உயரமான சிலுவை ஒன்று அவர்கள் நினைவாக நிற்கிறது. பெரிய வெள்ளியன்று உடைந்துபோனவர்களுக்குச் சிலுவையைவிடப் பொருத்தமான அடையாளம் வேறு எது?

வெற்றி பெற்றவர்களை மட்டுமே நாம் பாராட்டப் பழகிவிட்டோம். ஆனால் போதிய கருவியின்றி, உணவின்றி, உரிய கூலியுமின்றி தம் இடத்தில் நின்றவர்கள் நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் இருக்கிறார்கள். இறுதியில் அவர்கள் தளர்ந்து விழுந்ததை மட்டும் பார்த்துக் குறை கூறுகிறோமா? அவர்கள் அதுவரை சுமந்ததையும் எண்ணிப் பார்க்கிறோமா? இக்கேள்வியை இன்று நம் உள்ளத்தில் எழுப்புவோம். அவர்களுக்குரிய நன்றியை, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே செலுத்துவோம்.