குரங்குக் காய்ச்சலைத் துரத்திய பறவையியல் அறிஞர்

பறவையியல் அறிஞர் சலீம் அலி 1896-ல் மும்பையில் பிறந்தார். சிறு வயதில் அவர் சுட்டு வீழ்த்திய மஞ்சள் கழுத்துச் சிட்டு ஒன்றே அவரை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அழைத்துச் சென்றது. நோய் ஆராய்ச்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

1957-ல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகள் மடிந்தன. காட்டோர மக்களைக் கடும் காய்ச்சல் தாக்கியது. புணே வைரஸ் ஆராய்ச்சி மையம் புதிய வைரஸைக் கண்டறிந்தது. அதைப் பரப்பியவை உண்ணிகள். ரஷியாவில் காணப்பட்ட மூளைக்காய்ச்சல் வைரஸை அது ஒத்திருந்ததால், வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவா என்ற கேள்வி எழுந்தது. விடை தேட, உலக சுகாதார அமைப்பின் உதவியுடன் பறவைகளுக்கு வளையமிடும் பணியை சலீம் அலி மேற்கொண்டார்.

பின்னர் அமெரிக்க ராணுவம் சார்ந்த நிதியும் இத்திட்டத்துக்கு வந்தது. கிருமிப் போருக்கு இத்தகவல்கள் பயன்படலாம் என்ற ஐயம் கிளம்பியது. வெளிநாட்டு ஒத்துழைப்புடன் நடந்த ஆய்வுகள் குறித்து நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1975-ல் அளித்த அறிக்கையில் இதுவும் இடம்பெற்றது. பத்தாண்டுகளுக்குப் பின், 1985-ல், அதே நாடாளுமன்றத்தின் மாநிலங்களவைக்கு அவர் நியமிக்கப்பட்டார். 1987-ல் மறைந்தார்.

பறவைகள்தாம் அந்த நோயைக் கொண்டுவந்தன என்பது நிரூபணமாகவில்லை. எனினும், கோடியக்கரை உள்ளிட்ட இடங்களில் நடந்த வளையமிடல், வலசைப் பாதைகளைத் துலக்கியது. 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிகளைப் பறவைக் காய்ச்சல் தாக்கியபோது, வலசைப் பறவைகள் காரணமா என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. ஒருகாலத்தில் ஐயத்துக்கு ஆளான வளையப் பதிவுகளே அத்தகைய கேள்விகளுக்கு விடை தேட அடிப்படையாக நிற்கின்றன.