சகதீச சந்திர போசு

யானை பெரிது, அதனை அடக்கும் அங்குசமோ சிறிது. சிறியதொன்று பெரியதை ஆளும் இவ்வியல்பைத் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நாடோறும் காணலாம். ஆங்குள்ள ஆலைகளிற் பெரிய மோட்டார்கள் சுழல்கின்றன. அவற்றை ஓட்டவும் நிறுத்தவும் வேகத்தை மாற்றவும் வல்லவை கையகலமே உள்ள மின்னணுச் சுற்றுக்கள். மெல்லிய மின்குறிப்பினால் வலிய ஆற்றலை ஏவலாம் என்பதனைக் கம்பியின் துணையுமின்றி நம் நாட்டவர்க்குக் காட்டிய பெரியார் சகதீச சந்திர போசு ஆவர்.

இவர் 1858ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள், இன்று வங்காள தேசத்தில் உள்ள மைமன்சிங்கில் தோன்றினார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க அலுவலர். உயர்நிலையில் இருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு விடுத்த அக்காலத்தில், அவர் தம் மைந்தரைத் தாய்மொழிப் பள்ளியிற் சேர்த்தார். ஏவலர் மகனும் மீனவர் மகனும் போசுக்கு உடன் பயிலும் தோழராயினர்.

பின்னர்ப் போசு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சில் அறிவியல் கற்றுத் திரும்பி, 1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆசிரியர் ஆனார். அங்கே ஒரே பணிக்கு ஐரோப்பியர்க்கு ஓர் ஊதியமும் இந்தியர்க்கு அதனினும் குறைந்த ஊதியமும் அளிக்கப்பட்டன. போசு அவ்வேற்றுமையை ஏற்றிலர். குடும்பத்தைக் கடன் வாட்டிய போதும், மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலே பாடம் நடத்தினார். இறுதியில் அரசாங்கம் இணங்கி, முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கியது.

ஆராய்ச்சிக்கு அவர்க்குத் தக்க கூடமும் இல்லை. சிற்றறை ஒன்றில், தகரவேலை செய்யும் எளிய தொழிலாளி ஒருவரைத் துணைக்கொண்டு கருவிகளை அமைத்தார். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் மக்கள் கூடியிருக்க, ஓரிடத்தில் மின்காந்த அலைகளை எழுப்பினார். அவை சுவர்களை ஊடுருவிச் சென்றன. அப்பாலிருந்த மணி ஒலித்தது, வெடிமருந்தும் வெடித்தது. கண்டோர் வியந்தனர். மந்திரம் அன்று அது. அலை வந்து பட்டவுடன், அதனை உணரும் கருவியினூடே மின்னோட்டம் எளிதிற் பாய்ந்தது. அம்மெல்லிய ஓட்டம் வேறொரு மின்சுற்றை இணைத்தது. அச்சுற்றின் வலிய ஓட்டமே மணியை அடித்தது. கதவைத் திறப்பதற்குச் சிறு திறவுகோல் போதுமன்றோ!

கலீனா என்னும் ஈயக் கனிமத்தைக் கொண்டு அலையுணரும் மற்றொரு கருவியையும் அவர் ஆக்கினார். அதற்கு அமெரிக்க அரசாங்கம் 1904இல் காப்புரிமை வழங்கியது. நண்பர் வற்புறுத்தலால் பெற்ற உரிமை அது. அதனாற் பொருளீட்ட அவர் விழைந்திலர். கலீனா குறைகடத்தி என்னும் இனத்தைச் சார்ந்த பொருள். இன்று மோட்டார்களை ஆளும் டிரான்சிஸ்டர்கள் அவ்வினத்துப் பொருள்களால் ஆனவையே.

பிற்காலத்தில் அவர் செடிகொடிகளின் உணர்ச்சியை நுணுகி ஆராய்ந்தார்; அவற்றின் வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை அமைத்தார். 1917இல் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மறைந்தார்.

ஆலையில் ஒரு பொத்தானை அழுத்தப் பெரும்பொறி இயங்குவதைக் காணும் மாணவர், சிற்றறையில் இருந்து உழைத்த அப்பெரியாரை நினைவு கூர்வாராக. கருவி குறைந்த இடத்தும் முயற்சி குறையாதவரே புதியன காண்பர். ஊதியம் இழப்பினும் மானம் இழவாதவரே உலகத்தார் உள்ளத்தில் நிலைப்பர்.