கூலிக்காரனின் முகத்தில் ஆண்டவரைக் கண்ட தீனபந்து ஆண்ட்ரூஸ்



ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் தோட்டத்தில் ஒரு பக்கம் மாரியம்மன் கோயில் மணி கேட்கும். இன்னொரு பக்கம் லயத்துக் கடைசி வீட்டில் பாய் விரித்து ஜெபக்கூட்டம் நடக்கும். சிரம்பானுக்கோ போர்ட்டிக்சனுக்கோ பஸ் பிடித்து ஆலயத்துக்குப் போகிறவர்களும் உண்டு. நல்ல காரியந்தான். ஆனால் நெடுநாளாக ஒரு பேச்சு நம் காதில் விழுகிறது. சங்கக் கூட்டத்துக்கு வாங்கப்பா என்று கூப்பிட்டால், நாங்கள் விசுவாசத்தில் வளர்ந்துவிட்டோம், இந்த உலகச் சண்டையெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று சிலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். விசுவாசத்தில் வளர்வது என்றால் கண்ணை மூடிக்கொள்வதுதானா? இதற்குத் தர்க்கம் பேசிப் பிரயோசனமில்லை. ஒரு பாதிரியாரின் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறோம். அவர் வெள்ளைக்காரர். நம்மைப் போன்ற கூலிகளுக்காக ஊர் ஊராக அலைந்தவர்.

சார்லஸ் பிரியர் ஆண்ட்ரூஸ் 1871-ம் ஆண்டு பிப்ரவரி 12-ம் தேதி இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் பிறந்தார். வளர்ந்தது பர்மிங்ஹாமில். தகப்பனார் ஒரு சிறிய சபையின் போதகர். வீட்டில் 14 பிள்ளைகள். தாயாரின் பணம் ஒரு குடும்ப சிநேகிதரின் பொறுப்பில் இருந்தது. அந்த மனிதர் அதை வியாபாரச் சூதாட்டத்தில் போட்டு அழித்துவிட்டார். குடும்பம் நடுத்தெருவுக்கு வராத குறைதான். செய்தி வந்த அன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் தகப்பனார் முழங்கால் போட்டு, மோசம் செய்த அந்தச் சிநேகிதருக்காகவே ஜெபித்தாராம். பையன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர முடியாத பாடம் அது.

19 வயதில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்குப் போவதற்குச் சற்று முன்னால், ஒரு ராத்திரி கட்டிலருகே முழங்கால் போட்டவருக்குத் தம் குற்றங்கள் எல்லாம் மலைபோல் எழுந்து நின்றன. நெடுநேரம் தவித்த பிறகு ஒரு பெரிய சமாதானம் வந்தது. மனந்திரும்பிவிட்டார். பல சாட்சிகள் இந்த இடத்தோடு முடிந்துவிடும், கேட்கிறவர்களும் அல்லேலூயா சொல்லி எழுந்துவிடுவார்கள். ஆண்ட்ரூஸுக்கோ இது பிள்ளை பிறந்த கணக்கு. பிறந்த பிள்ளை தவழ வேண்டும், நடக்க வேண்டும். பவுல் அப்போஸ்தலரும் பால் குடிக்கிற பருவத்தையும் கெட்டியான ஆகாரம் உண்ணும் பருவத்தையும் பிரித்துத்தானே எழுதினார்.

கேம்பிரிட்ஜில் படிக்கும்போது அவர் எழுதிப் பரிசு வாங்கிய கட்டுரை எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடக்கும் தகராறில் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது என்பதைப் பற்றி. அது 1896-ல் புத்தகமாகவும் வந்தது. எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் நிறைந்த சண்டர்லாண்டிலும், பிறகு லண்டனில் ஏழைகள் நெருக்கியடித்துக் குடியிருந்த வால்வொர்த்திலும் போய் ஊழியம் செய்தார். உடம்பு கெடுகிற அளவுக்கு உழைத்தார்.

அவருடைய உயிர்ச் சிநேகிதர் பேசில் வெஸ்ட்காட் டில்லியில் மிஷனரியாக இருந்து 1900-ல் காலராவில் இறந்துபோனார். அந்த இடத்துக்கு நான் போகிறேன் என்று ஆண்ட்ரூஸ் தீர்மானித்து, 1904 மார்ச்சில் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்து நடப்பை நம் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துரை பங்களா ஒரு பக்கம், லயம் ஒரு பக்கம். மிஷனிலும் அதே வாடை இருந்தது. ஒரே ஆண்டவரைக் கும்பிட்டாலும் வெள்ளைக்காரர் மேலே, நாட்டுக் கிறிஸ்தவர் கீழே. கல்லூரிக்கு முதல்வர் வேண்டியிருந்தபோது, பல வருஷம் அங்கே உழைத்த சுசில் குமார் ருத்ரா என்ற இந்தியரைத் தள்ளிவிட்டு ஒரு வெள்ளைக்காரரைப் போடப் பார்த்தார்கள். ஆண்ட்ரூஸ் பிடிவாதமாக நின்றார். 1906-ல் ருத்ராவே முதல்வரானார். ஆண்ட்ரூஸ் அவருக்குக் கீழே வேலை பார்த்தார். கேட்கச் சின்ன விஷயம் போல இருக்கும். மண்டோர் வேலைக்கு நம்மில் ஒருவனை உயர்த்தினால் நமக்கே எத்தனை பேருக்கு வயிறு எரிகிறது! அப்படிப் பார்த்தால் இது சின்ன விஷயமா?

டில்லியில் அவருடைய மனசு விரிந்துகொண்டே போனது. ஜகாவுல்லா என்ற வயது முதிர்ந்த முஸ்லிம் அறிஞரின் காலடியில் உட்கார்ந்து பேசுவார். ஆரிய சமாஜத்து முன்ஷிராமோடு சிநேகம். சாது சுந்தர் சிங் என்றால் நம் வீட்டுக் கிழவிகளுக்கும் தெரியும். அந்தச் சுந்தர் சிங் வாலிபனாக இருந்தபோது சிம்லா மலைப்பக்கம் அவரோடு பழகியவர் ஆண்ட்ரூஸ். பின்னாளில் சாதுவைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். இப்படிப்பட்ட சிநேகிதர்களை வைத்துக்கொண்டு, விசுவாசியாதவன் நித்தியமாய்க் கெட்டுப்போவான் என்று சபிக்கிற பழைய விசுவாச அறிக்கையை ஆலயத்தில் வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. பொய்யாகச் சொல்லவும் மனமில்லை. உள்ளுக்குள்ளே பல வருஷப் போராட்டம். கடைசியில் 1914-ல் குருவானவர் பணியை விட்டுவிட்டு, கவி தாகூரின் சாந்திநிகேதனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஆண்ட்ரூஸ் விசுவாசத்தை இழந்துவிட்டார் என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அந்தப் பேச்சு எத்தனை தப்பு என்பது அதே வருஷம் தொடங்கிய கதையிலே தெரியும்.

1914 ஜனவரியில் அவரும் சிநேகிதர் பியர்சனும் தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860-லேயே மதராஸிலிருந்து கப்பல் போயிருக்கிறது. நம் ஜனங்கள்தான். ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்கினால் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி கட்ட வேண்டும். அதை எதிர்த்து 1913-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருந்தார்கள். துறைமுகத்தில் காந்தி எங்கே என்று ஆண்ட்ரூஸ் தேடினார். மொட்டைத் தலையும் முரட்டு வேட்டியுமாக, துக்கம் காக்கிற கூலியைப் போல நின்றவர்தான் காந்தி என்று காட்டினார்கள். ஆண்ட்ரூஸ் சட்டென்று குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார். வெள்ளைக்காரன் ஒருவன் கறுப்பன் காலைத் தொடுவதா என்று டர்பன் வெள்ளைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். அந்தப் பயணத்தில்தான் அவருடைய தாயார் இங்கிலாந்தில் இறந்த செய்தியும் வந்தது. பக்கத்தில் இருந்து தேற்றியது அங்கிருந்த இந்தியர்கள். வருஷம் முடிவதற்குள் அந்த 3 பவுன் வரி ஒழிந்தது.

நேட்டாலில் அவர் கண்ட ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் அடி தாங்காமல் ஓடிவந்த ஒரு கூலி ஆள், முதுகெல்லாம் காயம். என்ன ஆச்சு என்று பார்க்க ஆண்ட்ரூஸ் கிட்டே குனிந்தார். அந்த ஆள் நடுங்கிப் பின்வாங்கினான். வந்தவர் வெள்ளைக்காரர், அடிக்கத்தான் வருகிறார் என்று பயந்துவிட்டான். அந்தப் பயம் ஆண்ட்ரூஸின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. மறுவருஷம் சாந்திநிகேதனத்தில் காலரா வந்து பிழைத்து, பலவீனமாகச் சாய்ந்து கிடந்தபோது அந்தக் கூலியின் உருவம் திரும்பக் கண்முன் வந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் கிறிஸ்துவின் முகமாக மாறியதாக அவர் எழுதியிருக்கிறார். ஆலயத்தில் பலிபீடத்துக்கு முன்னால் நின்ற காலத்தில் கிடைக்காத தரிசனம், அங்கியைக் கழற்றி வைத்த பிறகு கிடைத்தது. 19 வயதில் தொடங்கியது முற்றிப் பழுத்தது இந்த இடத்தில்தான் என்பது நம் எண்ணம்.

உடம்பு தேறியதும் அவர் புறப்பட்டது பிஜித் தீவுக்கு. 1915-ல் பியர்சனோடு போனார். பாரதியார் கண்ணீர் விட்டுப் பாடினாரே, அதே கரும்புத் தோட்டங்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆணுக்கு நாளுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அதுவும் கொடுத்த வேலையை முடித்தால்தான். லயத்தில் அறை பத்தடிக்கு ஏழடி. அதற்குள் மூன்று ஆண்கள், இல்லையென்றால் புருஷன் பெண்சாதி பிள்ளைகள். அறைக்கு அறை சுவர் கூரை வரைக்கும் எட்டாது. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்று கணக்குப் போட்டுக் கப்பலில் ஏற்றினார்கள். அதனால் விளைந்த கேவலமும் வெட்டுக்குத்தும் தற்கொலையும் கொஞ்சநஞ்சமல்ல. இருவரும் லயம் லயமாக நுழைந்து கேட்டு எழுதிய அறிக்கை 1916-ல் வெளிவந்தது. அதே வருஷம் மார்ச்சில் ஒப்பந்த முறையை ஒழிக்க இந்திய சர்க்கார் ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டதோடு சரி, இழுத்தடித்தார்கள். ஆண்ட்ரூஸ் விடவில்லை. 1917-ல் மறுபடியும் பிஜிக்குப் போனார். அந்த வருஷமே ஆள் பிடிப்பது நின்றது. 1920 ஜனவரி 1-ம் தேதி மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாகி ஜனங்கள் விடுதலையானார்கள். மலாயாவுக்கு வந்த ஒப்பந்தக் கூலி முறை 1910-லேயே முடிந்துவிட்டது. கங்காணி முறை 1938 வரை இழுத்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கிறோம். ஏழைகளின் உறவுக்காரர் என்ற பொருளில் தீனபந்து என்று அவரை ஜனங்கள் அழைத்தார்கள்.

1921-ல் அசாம் தேயிலைத் தோட்டங்களில் கூலி போதாமல் ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு நடந்தே ஊர் திரும்பினார்கள். சாந்த்பூர் ரயிலடியில் கிடந்தவர்களை ராத்திரியில் சிப்பாய்களை விட்டு அடித்து விரட்டினார்கள். காலராவும் பரவியது. அங்கே போய் நோயாளிகளோடு இருந்தவர் ஆண்ட்ரூஸ். இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அவரைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

சங்கக்காரர்களாகிய நமக்கு அவரிடம் ஒரு மனத்தாங்கலும் உண்டு. எதிராளி கொஞ்சம் இளகிப் பேசினால் நம்பிவிடுவார். சமரசம், சமரசம் என்று நிற்பார். முதலாளியோடு பேரம் பேசுகிற மேசையில் இந்தக் குணம் ஆகாது. சட்டை போர்வையைக் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார், இருப்பதையும் எங்காவது மறந்துவிட்டு வருவார் என்று சிநேகிதர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அவர் பெயரின் மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களுக்குக் கிறிஸ்துவின் உண்மையுள்ள அப்போஸ்தலர் என்று அர்த்தம் சொன்னவர்களும் அதே சிநேகிதர்கள்தான்.

இதை எழுதும்போது நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களைப் பார்க்கிறோம். கித்தா மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் பிள்ளைகள் டவுனுக்குப் போய்விட்டார்கள். நம் தாத்தா பாட்டி இருந்த வேலையில் இன்றைக்கு இந்தோனேசியாக்காரனும் வங்காளதேசத்துக்காரனும் இருக்கிறான். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்தவன். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் வாய் திறக்க முடியாதவன். நாம் கிட்டே போனால் அவனும் பின்வாங்குகிறான். அவன் கண்ணுக்கு இப்போது நாம்தான் கிராணி, நாம்தான் மண்டோர். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவன் சம்பளச் சீட்டை வாங்கிப் படித்துச் சொல்லுகிறவர்கள் எத்தனை பேர்? ஜெபத்துக்கு வருகிறவர்களையும் கேட்கிறோம், சங்கத்துக்கு வருகிறவர்களையும் கேட்கிறோம்.

ஆண்ட்ரூஸுக்கு வயதான பிறகு சபையோடு இருந்த பிணக்கும் தணிந்து, மறுபடியும் குருவானவர் பணியை ஏற்றுக்கொண்டார். மற்ற மதத்துச் சிநேகிதர்களையும் விடவில்லை. 1936-ல் பிஜிக்கு இன்னொரு தடவை போய்வந்தார். 1940-ல் கல்கத்தாவில் நோயாகப் படுத்தபோது காந்தி வந்து பார்த்துவிட்டுப் போனார். ஏப்ரல் 5-ம் தேதி உயிர் பிரிந்தது. கல்யாணம் செய்யாதவர், சொத்து வைக்காதவர். கல்கத்தா லோயர் சர்க்குலர் ரோடு கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.